மாநில செனட்டிலிருந்து ஃபெடரல் நீதிமன்றத்துக்கு: கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி வந்த வழி

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மாநில சட்டமன்றத்தில் கட்சிக்காரராக உட்கார்ந்திருந்த ஒருவரை நேராக ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிபதி ஆக்கிவிடுகிறார்களே, அது எப்படி நடக்கிறது, அப்படி வந்தவர் நடுநிலையாகத் தீர்ப்பு எழுத முடியுமா?

நடக்கிறது, சட்டப்படி தடை எதுவும் இல்லை. எழுதவும் முடியும். பொதுவாகப் பேசினால் இது விளங்காது, அதனால் ஒரே ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. 1964-இல் நியூயார்க் மாநில செனட் (மாநில சட்டமன்றத்தின் மேலவை) உறுப்பினர், 1966-இல் ஃபெடரல் நீதிபதி. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண். 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராகப் பேசிய உரையில் "சித்தி" என்று சொன்னதைத்தான் நம் ஊரில் எல்லாரும் பிடித்துக்கொண்டு கொண்டாடினோம். அதே உரையில் தனக்கு வழி போட்டுக் கொடுத்த பெண்கள் என்று அவர் அடுக்கிய பெயர்களில் மோட்லியும் உண்டு. அதை யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு அப்போதிலிருந்தே ஒரு குறை.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். மாநில நீதிபதிகளைப் பல மாநிலங்களில் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபெடரல் நீதிபதி அப்படி இல்லை. அதிபர் பெயரைச் சொல்ல வேண்டும், அமெரிக்க செனட் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு ஆயுள் முழுக்கப் பதவி, சம்பளத்தைக் குறைக்க முடியாது, நாடாளுமன்றம் குற்றம் சாட்டி விசாரித்துத்தான் நீக்க முடியும். வயது வரம்போ, இத்தனை வருடம் வழக்காடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோ அரசியலமைப்பில் கிடையாது. சட்டப் படிப்பு வேண்டும் என்றுகூட அதில் எழுதவில்லை, நடைமுறையில் எல்லாரும் வழக்கறிஞர்கள்தான். ஆக, முன்னாள் எம்எல்ஏ வரலாம், முன்னாள் ஆளுநர் வரலாம். வந்தபின் அரசியல் பதவி எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

மோட்லி பிறந்தது 1921-இல், கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில். பெற்றோர் கரீபியன் கடலில் உள்ள நெவிஸ் தீவிலிருந்து குடியேறியவர்கள், வீட்டில் 12 பிள்ளைகள், இவர் ஒன்பதாவது. அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையல்காரர். பள்ளி முடித்ததும் வழக்கறிஞர் ஆகப் போகிறேன் என்று இவர் சொன்னபோது, தலைமுடி அலங்காரம் கற்றுக்கொள் என்றார் அம்மா. வீட்டில் காசு இல்லை, அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

அதன் பிறகு நடந்தது சினிமா மாதிரித் தோன்றும், ஆனால் உண்மை. கறுப்பின மக்களுக்காக ஊரில் ஒரு சமுதாயக் கூடம் கட்டியிருந்தார்கள். அங்கே ஆட்கள் ஏன் அதிகம் வருவதில்லை என்று பேச ஒரு கூட்டம் போட்டார்கள். 18 வயதுப் பெண் எழுந்து, கூடத்தை நடத்தும் குழுவில் எங்கள் ஆட்கள் ஒருவருமே இல்லை, எங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை, பிறகு எப்படி வருவோம் என்று கேட்டுவிட்டார். கூடத்துக்குப் பணம் கொடுத்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ என்ற வெள்ளைக்காரத் தொழிலதிபர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. பிறகு கூப்பிட்டு, நீ ஏன் கல்லூரிக்குப் போகவில்லை என்று கேட்டார். பணமில்லை என்றார் மோட்லி. சட்டப் படிப்பு முடியும் வரை நான் கட்டுகிறேன் என்று சொல்லி, சொன்னபடியே கட்டினார். ஃபிஸ்க் பல்கலைக்கழகம், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகம், 1946-இல் கொலம்பியாவில் சட்டப் பட்டம்.

படிப்பு முடியும் முன்பே, 1945-இல், கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வழக்காடிய என்ஏஏசிபி சட்டப் பாதுகாப்பு நிதியத்தில், அதை நடத்திய வழக்கறிஞர் தர்குட் மார்ஷலிடம், உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வந்த பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியவர் இவர்தான். அங்கே 20 வருடம். உச்ச நீதிமன்றத்தில் 10 வழக்குகளில் நேரில் வாதிட்டு 9-இல் ஜெயித்தார், அந்த நீதிமன்றத்தில் வாதிட்ட முதல் கறுப்பினப் பெண்ணும் இவரே. தோற்ற ஒரே வழக்கு, 1965-இல் அலபாமாவில் ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கியதை எதிர்த்தது. அந்தத் தீர்ப்பையும் அதே உச்ச நீதிமன்றம் 1986-இல் மாற்றிக்கொண்டது.

இதில் மிசிசிப்பி வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் நீதிபதிப் பதவிக்கு இவர் பெயர் வந்தபோது எதிர்ப்பு வந்ததே அந்த மாநிலத்திலிருந்துதான். ஜேம்ஸ் மெரிடித் என்ற முன்னாள் விமானப்படை வீரர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டார், கறுப்பினத்தவர் என்பதால் கொடுக்கவில்லை. 1961-இல் வழக்குப் போட்டார்கள். மோட்லி நியூயார்க்கிலிருந்து திரும்பத் திரும்ப மிசிசிப்பியின் ஜாக்சன் நகருக்குப் போய் வர வேண்டியிருந்தது. நீதிமன்ற அறையில் நீதிபதி இருக்கைக்குப் பின்னால் பெரிய சுவரோவியம், அதில் பண்ணை வாழ்க்கைக் காட்சிகள், வெள்ளைக்கார முதலாளிகள், பருத்திக் காட்டில் கறுப்பின வேலையாட்கள். அந்த ஓவியத்தைப் பார்த்தபடி நின்றுதான் இவர் வாதாட வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்த மரியாதை "அந்த மோட்லி பொம்பளை" என்ற ரகம். தங்கியது மெட்கர் எவர்ஸ் என்ற உள்ளூர்ப் போராளியின் வீட்டில். ஒரு நாள் காரில் போகும்போது எவர்ஸ் இவரிடம், கையில் இருக்கும் குறிப்பேட்டை நியூயார்க் டைம்ஸ் பேப்பருக்குள் மறைத்து வையுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள், பின்னால் போலீஸ் வண்டி வருகிறது என்று சொன்னாராம். அந்த எவர்ஸை 1963 ஜூனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

கீழ் நீதிமன்றம் இன பாகுபாடே இல்லை என்று சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில் மோட்லி ஜெயித்தார். 1962 செப்டம்பர் 30 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம், இரண்டு பேர் செத்தார்கள், ராணுவம் வந்தது. மறுநாள் மெரிடித் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமில் இனப் பிரிவினையை எதிர்த்து ஊர்வலம் போனதற்காக 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். கீழ் நீதிமன்றம் கைவிரித்த அதே நாளில் மோட்லி மேல்முறையீட்டு நீதிபதியிடம் போய், அத்தனை பேரையும் திரும்பச் சேர்க்க உத்தரவு வாங்கினார். ஒரு வழக்கறிஞரின் வேகம் எதுவரை போக முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

சரி, அரசியலுக்கு வருவோம். 1964 பிப்ரவரியில் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் மாநில செனட் தொகுதி ஒன்றுக்கு இடைத்தேர்தல். அங்கே டெமாக்ரட் கட்சியின் காய்களை நகர்த்தியவர் ஜே. ரேமண்ட் ஜோன்ஸ், ஹார்லெம் நரி என்று பட்டப்பெயர், ஹார்லெம் என்பது மன்ஹாட்டனில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த பகுதி. தேர்தலில் நில்லுங்கள் என்று அவர் கேட்டபோது மோட்லி ஒரு நிபந்தனை போட்டார்: என் சட்டப் பணிக்கு இது இடைஞ்சலாக இருக்கக் கூடாது. ஜெயித்து, நியூயார்க் மாநில செனட்டின் முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் ஆனார். நவம்பர் பொதுத் தேர்தலிலும் ஜெயித்தார். அங்கே அவர் பிடித்துக்கொண்ட விஷயம் ஏழைகளுக்கும் நடுத்தர வருமானக்காரர்களுக்கும் வீட்டு வசதி. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், சட்டமன்றத்தில் இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு வருடம், அதற்குள் பெரிதாகச் சட்டம் எதுவும் போட்டுவிட முடியாது. அவரைப் பற்றி எழுதுபவர்கள் சிலர் இந்தக் காலத்தை ஊதிப் பெரிதாக்குகிறார்கள், அதற்கு அவசியமில்லை.

1965 பிப்ரவரியில் நகர கவுன்சில் அவரை மன்ஹாட்டன் பரோ பிரசிடென்ட் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது. நியூயார்க் நகரம் ஐந்து பரோக்களாகப் பிரிந்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், அந்தக் காலத்தில் அவர்களுக்கு நகர பட்ஜெட்டிலும் கட்டுமான முடிவுகளிலும் ஓட்டு இருந்தது. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர். அதே ஆண்டு நவம்பரில் முழுப் பதவிக் காலத்துக்கு நின்றபோது டெமாக்ரட், ரிபப்ளிகன், லிபரல் மூன்று கட்சிகளும் ஆதரித்தன. ஹார்லெமையும் கிழக்கு ஹார்லெமையும் சீரமைக்க 7 அம்சத் திட்டம் ஒன்று போட்டு, திட்டமிடும் வேலைக்கு 7 லட்சம் டாலர் வாங்கிக் கொடுத்தார்.

மாநில அரசியல் அவருக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டால், நான் சொல்வது இது. நீதிமன்றத்தில் எவ்வளவு சாதித்தாலும் நியூயார்க்கின் கட்சித் தலைவர்களுக்கு அவர் தெற்கே போய்ப் போராடும் வக்கீல், அவ்வளவுதான். தேர்தலில் ஜெயித்ததும், மூன்று கட்சிகள் ஒத்துக்கொண்ட ஒரு பெயர் ஆனார். அதிபர் ஒருவர் பெயரை அனுப்பும்போது அந்த ஊர் அரசியலில் எதிர்ப்பு எவ்வளவு வரும் என்று கணக்குப் போடாமல் இருக்க மாட்டார்.

அதிபர் லிண்டன் ஜான்சன் முதலில் இவரை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே அனுப்ப நினைத்தார். எதிர்ப்பு பலமாக இருந்ததால் நியூயார்க் தெற்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு 1966 ஜனவரி 26-இல் பெயரை அனுப்பினார். மாவட்டம் என்றதும் சின்ன நீதிமன்றம் என்று நினைக்க வேண்டாம், வால் ஸ்ட்ரீட் இருக்கும் இடம் அது, பங்குச் சந்தை, வங்கி, பதிப்புரிமை, போதைப்பொருள் என்று நாட்டின் கனமான விசாரணை வழக்குகள் வந்து விழும் இடம். செனட் நீதித்துறைக் குழுவின் தலைவராக உட்கார்ந்திருந்தவர் மிசிசிப்பி செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், இனப் பிரிவினையின் பகிரங்க ஆதரவாளர், பெரிய பண்ணை முதலாளி. தன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறக்க வைத்த பெண்ணின் பெயர் தன் மேசைக்கே வந்திருக்கிறது. விடுவாரா? கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டி ஏழு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் ஆகஸ்ட் 30-இல் செனட் ஒப்புதல் கொடுத்தது. அப்போது அவருக்கு 45 வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. இப்படிக் கட்சி அரசியலும் போராட்ட வழக்குகளுமாக இருந்தவர் நடுநிலையாக இருப்பாரா? இதே கேள்வியை 1975-இல் அவருடைய நீதிமன்றத்திலேயே மனுவாகப் போட்டார்கள். சல்லிவன் அண்ட் கிராம்வெல் என்ற பெரும் வழக்கறிஞர் நிறுவனம் வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண்களை ஒதுக்குகிறது என்று ஒரு பெண் வழக்கறிஞர் வழக்குப் போட்டார், அது மோட்லியிடம் வந்தது. நிறுவனத்தின் தரப்பு, நீங்கள் பெண், கறுப்பினத்தவர், பாகுபாடு வழக்குகளையே நடத்தியவர், ஆகவே வாதியின் பக்கம் சாய்வீர்கள், விலகிக்கொள்ளுங்கள் என்றது.

அவர் விலகவில்லை. எழுதிய பதிலின் சாரம் இது: ஒரு நீதிபதியின் இனமோ பாலினமோ பின்னணியோ விலகுவதற்குப் போதுமான காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் ஒருவருமே இந்த வழக்கை விசாரிக்க முடியாது, ஏனென்றால் எல்லாருமே வழக்கறிஞர்களாக இருந்தவர்கள், எல்லாருக்கும் ஏதோ ஒரு பாலினம் இருக்கிறது, பலர் பெரிய நிறுவனங்களிலிருந்தோ அரசுப் பணியிலிருந்தோ வந்தவர்கள். நிறுவனம் மேல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தது, அங்கேயும் எடுபடவில்லை. 1977-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நீதிபதியின் இனம், மதம், பாலினம் பார்த்து மாற்றச் சொல்லும் மனு எப்போது வந்தாலும் அமெரிக்க நீதிமன்றங்களில் இன்றும் இந்த உத்தரவை எடுத்துக்காட்டுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அதே நீதிமன்றத்தில் பெரிய நிறுவனங்களின் பங்குதாரர்களாக இருந்து நீதிபதியானவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் நிறுவன வழக்கு வந்தால் "நீங்கள் முதலாளி பக்கம் சாய்வீர்கள்" என்று யாரும் மனுப் போடுவதில்லை. அந்த வாழ்க்கை வரலாறு யார் கண்ணிலும் படவில்லை, இவருடையது மட்டும் பட்டது.

1978-இல் இன்னொன்று. மெலிசா லட்கி என்ற ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையாளரை 1977 பேஸ்பால் உலகத் தொடரின்போது யாங்கி மைதானத்தில் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஆண் நிருபர்கள் உள்ளே போய்ச் சுடச்சுடப் பேட்டி எடுக்கிறார்கள், இவர் வெளியே நடைபாதையில் நிற்க வேண்டும். பேஸ்பால் கமிஷனர் போவி குன் தரப்பு வீரர்களின் அந்தரங்கம் என்றது. மோட்லி பார்த்த முதல் விஷயம் மைதானம் யாருடையது என்பது. அது நியூயார்க் நகரத்துக்குச் சொந்தம், குத்தகைக்கு விடப்பட்டது. அரசுச் சொத்தில் நடக்கும் பாகுபாடு என்றால் சட்டத்தின் முன் சமம் என்ற 14-ஆவது திருத்தம் வந்துவிடும். அப்புறம் அந்தரங்கம். அதைக் காப்பாற்ற ஒரு திரைச்சீலையோ துண்டோ போதுமே, அதற்காகப் பெண்கள் எல்லாரையும் வெளியே நிறுத்த வேண்டியதில்லையே என்றார். நாடு முழுக்கக் கேலியும் வசையும் கிளம்பின, ஆனால் விளையாட்டுப் பத்திரிகைத் துறையில் பெண்களுக்குக் கதவு திறந்தது அந்தத் தீர்ப்பால்தான். குத்தகைப் பத்திரத்திலிருந்து தொடங்கி அரசியலமைப்பு வரை போகும் அந்த வரிசையைப் படித்தால், மூளையில் இருந்தது போராட்டக் கோஷம் இல்லை, வழக்கறிஞரின் ஒழுங்கு என்று தெரியும்.

எல்லாத் தீர்ப்பும் நிலைத்ததா என்றால் இல்லை. மார்ட்டின் சோஸ்ட்ரே என்ற கைதியை நியூயார்க் சிறையில் ஒரு வருடத்துக்கும் மேல் தனிமையில் அடைத்திருந்தார்கள். 1970-இல் மோட்லி அதைக் கொடூரத் தண்டனை என்று சொல்லி, 372 நாளுக்கு நாள் ஒன்றுக்கு 25 டாலர் இழப்பீடும், அதற்கு மேல் நாள் ஒன்றுக்கு 10 டாலர் அபராதத் தொகையும் சேர்த்து 13,020 டாலர் கொடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம், நீண்ட தனிமைச் சிறை என்பதே அரசியலமைப்புக்கு விரோதம் ஆகாது என்று தீர்ப்பின் மையத்தை வெட்டிவிட்டது. எனக்கு மோட்லி சொன்னதுதான் சரி என்று இன்றும் படுகிறது, ஆனால் நீதிபதி தனி ஆள் இல்லை, மேலே ஒரு நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி. பாகுபாடு வழக்குகளில் ஆதாரம் போதவில்லை என்று வாதிகளுக்கு எதிராகவும் அவர் எழுதியிருக்கிறார். பழைய தோழர்கள் எதிர்பார்த்த அளவு அவர் துணிந்து போகவில்லை என்ற வருத்தம் ஒரு பக்கம், ஈஸ்ட்லண்ட் போன்றவர்கள் பயமுறுத்திய எதுவும் நடக்கவில்லை என்பது மறுபக்கம். அதற்கு மேல் அவர் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி இதோடு சம்பந்தமே இல்லாதவை. 1991-இல் கிங்கோஸ் நகலகம் பேராசிரியர்களுக்காகப் புத்தகப் பக்கங்களை நகல் எடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்பு எழுதியவரும் இவர்தான், 5,10,000 டாலர் இழப்பீடு. அதில் ஜெயித்தது பதிப்பகங்கள்.

இந்தப் பாதையில் வந்தவர் இவர் மட்டும் இல்லை. அதிபர் கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்று விமானத்துக்குள் ஜான்சனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்த சாரா ஹியூஸ், டெக்சஸ் சட்டமன்றத்தில் இருந்து, மாநில நீதிபதியாகி, 1961-இல் ஃபெடரல் நீதிபதி ஆனவர். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் அரிசோனா மாநில செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தவர், ஸ்டான்ஃபோர்டில் சட்டம் படித்துவிட்டு வேலை தேடியபோது அவருக்குக் கிடைத்தது வழக்கறிஞர் வேலை இல்லை, அலுவலக செக்ரட்டரி வேலைக்கான அழைப்பு. மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு காரணம் தெரிகிறது. ஆண்கள் நீதிபதி ஆக ஏறிய படி பெரும்பாலும் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களும் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களும். அந்தக் கதவு மூடியிருந்த பெண்களுக்கு, மக்கள் ஓட்டுப் போட்டால் திறக்கும் கதவாக மாநில சட்டமன்றம் இருந்தது.

நம் பக்கம் உதாரணம் கேட்டால் வி.ஆர். கிருஷ்ணய்யர் இருக்கிறார். 1952-இல் அன்றைய சென்னை சட்டமன்ற உறுப்பினர், 1957-இல் கேரளத்தில் அமைச்சர், 1968-இல் உயர் நீதிமன்றம், 1973-இல் உச்ச நீதிமன்றம். அவர் மேலும் இதே சந்தேகம் எழுந்தது. அவர் தீர்ப்புகளைப் படித்து ஒரு முடிவுக்கு வாருங்கள், அவர் இருந்த அமைச்சரவையை வைத்து வேண்டாம்.

மோட்லி 1982-இல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார், 1986-இல் வேலைச்சுமையைக் குறைத்துக்கொள்ள இடம் தரும் மூத்த நீதிபதி நிலைக்கு மாறினார். மாறினாலும் வழக்குகளைக் கேட்பதை நிறுத்தவில்லை, 2005 செப்டம்பர் 28-இல் 84 வயதில் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார். அவருக்குப் பிறகு இரண்டாவது கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி வர 1978 வரை, அதாவது 12 வருடம் ஆனது. 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் அறிவிக்கப்பட்ட அன்று கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் தன் பேச்சில் நினைவுகூர்ந்தவர்களில் மோட்லியும் ஒருவர். இருவரும் பிறந்தது செப்டம்பர் 14, இடையில் சரியாக 49 வருடம், ஜாக்சனே மேடையில் அதைச் சொன்னார்.